ஸ்கிரிம்ஷா: பழைய திமிங்கிலப் பல் வேலைப்பாடு அசலா போலியா என்று பார்ப்பது எப்படி

ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் கீழ்த்தாடையில் ஒரு பக்கத்துக்கு இருபதிலிருந்து இருபத்தாறு பற்கள் வரை இருக்கும். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நான்டக்கெட், நியூ பெட்ஃபோர்டு துறைமுகங்களிலிருந்து திமிங்கில எண்ணெய்க்காகப் புறப்பட்ட கப்பல்கள் மூன்று, நான்கு வருடங்கள் கடலிலேயே கிடந்தன. எண்ணெய்க்குத்தான் விலை. பல்லும் தாடையெலும்பும் பெரும்பாலும் மாலுமிகளின் கைக்கு வந்து சேர்ந்தன. திமிங்கிலம் தட்டுப்படாத நீண்ட நாட்களில் அவர்கள் அவற்றில் கப்பலையும் வேட்டையையும் வீட்டுப் பெண்களையும் கீறினார்கள். அந்தக் கைவேலைக்குப் பெயர்தான் ஸ்கிரிம்ஷா. அது செழித்தது ஏறக்குறைய 1820-களிலிருந்து 1870-கள் வரை.

அமெரிக்க அதிபர் கென்னடி இவற்றை ஆசையாகச் சேர்த்தார் என்பது தெரியவந்த 1960-களுக்குப் பிறகு சேகரிப்போர் கூட்டம் பெருகியது. கூடவே வார்ப்புப் பிசினில் (ரெசின் என்னும் பிளாஸ்டிக்) செய்த போலிகளும் பெருகின. இத்துறையில் இருப்பவர்கள் அவற்றை 'ஃபேக்ஷா' என்பார்கள். ஆகவே கையில் ஒரு பல் வந்தால் அது எப்படிப்பட்ட கதையோடு வந்தாலும் கதையைக் கடைசிக்குத் தள்ளிவிடுங்கள். முதலில் பொருள், அடுத்து கீறல், அதன்பின் படம், கடைசியில் காகிதம். இந்த வரிசையை மாற்றுகிறவர்கள்தான் ஏமாறுகிறார்கள். படம் அழகாக இருந்தால் கண் அதிலேயே நின்றுவிடும், பல்லின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கத் தோன்றாது.

தயாராக வைத்திருக்க வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், முடிந்தால் முப்பது மடங்கு ஒன்றும். சிறிய டார்ச். 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கு. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 395 நானோமீட்டர் விளக்கில் ஊதா வெளிச்சமே அதிகம் தெரியும் என்பதால் இந்த வேலைக்கு அது தோதுப்படாது. ஒரு கிராம் வரை காட்டும் தராசு, மெல்லிய டேப், நைட்ரைல் கையுறை, மேசைமேல் விரிக்க மடித்த துண்டு. துண்டு அவசியம். பல் உருண்டு கீழே விழுந்தால் முனை தெறிக்கும்.

1. எடையும் அடிக்குழியும்

நடுத்தரப் பல் 12 முதல் 18 செ.மீ. நீளம் இருக்கும். முனைப்பக்கம் கெட்டியாகக் கனக்கும். வேர்ப்பக்கம் கூம்பு வடிவக் குழி விழுந்து விளிம்பு மெலிந்து போகும். எடையை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. வெறும் பிசின் இலேசானதுதான், ஆனால் கல்தூள் கலந்து வார்த்தால் தந்தத்தின் கனத்துக்கு அருகில் வந்துவிடும்.

அடுத்து டார்ச்சைக் குழிக்குள் அடித்துப் பாருங்கள். அசல் பல்லின் விளிம்பில் இரண்டு அடுக்குகள் தெரியும்: வெளியே சிமென்டம், உள்ளே டென்டைன். இரண்டும் சேரும் இடம் ஒரு கோடாக, நிற வேறுபாட்டோடு இருக்கும். டென்டைனுக்குள் மரத்தின் ஆண்டு வளையம்போல வளர்ச்சி வளையங்கள். குழியின் உள்சுவரில் சில சமயம் சிறு முத்துகள்போன்ற முண்டுகள் துருத்தியிருக்கும். உயிரோடிருந்தபோது பல் உள்ளிருந்து வளர்ந்ததன் தடம் அது. குழி ஆழமில்லை என்பதால் மட்டும் சந்தேகப்பட வேண்டாம், வயது முதிர்ந்த திமிங்கிலத்தின் பல்லில் குழி பெரும்பாலும் தூர்ந்து போயிருக்கும்.

பிசின் பல்லை அசல் பல் ஒன்றிலிருந்து அச்செடுத்துத்தான் வார்க்கிறார்கள். ஆகவே வடிவம் அச்சு அசலாக இருக்கும், வெடிப்புகூட அப்படியே படிந்திருக்கும். மாட்டிக்கொள்வது மூன்று இடங்களில். ஒன்று, அடிவிளிம்பில் அடுக்குகள் கிடையாது, ஒரே பொருள், ஒரே நிறம். இரண்டு, லென்ஸில் ஊசிமுனை அளவுக் காற்றுக்குமிழிக் குழிகள். மூன்று, வெடிப்பு ஊடுருவாது. அசல் பல்லில் வெளியே தெரியும் நீளவெடிப்பைப் பின்தொடர்ந்தால் பல சமயம் அது அடிவிளிம்பின் கனத்துக்குள் புகுந்திருக்கும். வார்ப்பில் அது மேலோடு நிற்கும் ஒரு பள்ளம், அடி தூர்ந்திருக்கும்.

2. புற ஊதா விளக்கு

அறையை நன்றாக இருட்டாக்கி, கண் பழக இரண்டு நிமிடம் விட்டுப் பாருங்கள். பல்லும் எலும்பும் நீலங்கலந்த வெண்மையாக ஒளிரும். தந்தத்தைப்போலச் செய்த பிளாஸ்டிக் பெரும்பாலும் ஒளியை உறிஞ்சி மங்கிய நீலமாக நிற்கும். மேலே மெழுகோ வார்னிஷோ பூசியிருந்தால், அல்லது கைப்பழுப்பு கனமாக ஏறியிருந்தால், அந்த இடம் மட்டும் வேறு நிறம் காட்டும். எனவே வெளிப்புறத்தோடு குழியின் உட்புறத்தையும் பார்த்து ஒப்பிடுங்கள். ஒட்டுவேலை, அடைத்த முனை, பசை தடவிய இடம் எல்லாம் இந்த வெளிச்சத்தில் திட்டாகத் தெரியும். போலி பிடிக்க மட்டுமல்ல, பழுது பார்த்த பல்லை அறியவும் இதைவிட எளிய வழி இல்லை.

சூடான ஊசியால் குத்திப் பார்க்கும் முறையைப் பலரும் சொல்வார்கள். பிளாஸ்டிக் உருகும், பல் உருகாது, உண்மைதான். ஆனால் பல்லில் கருகிய புள்ளி நிரந்தரமாகத் தங்கிவிடும். மேலே சொன்ன இரண்டு சோதனையும் கைகொடுத்தால் ஊசி எதற்கு? தயவுசெய்து செய்யாதீர்கள். தண்ணீரில் முக்கி அடர்த்தி பார்ப்பதும் கூடாது. நீர் வெடிப்புக்குள் இறங்கினால் பல் ஊதி, காயும்போது இன்னும் பிளக்கும்.

3. பல்லா, எலும்பா, வேறு தந்தமா

எலும்பில் இரத்தக்குழாய் ஓடிய நுண்துளைகள் இருக்கும். நீளவாட்டில் மெல்லிய கருங்கோடுகளாகவும் குறுக்குவெட்டில் புள்ளிகளாகவும் லென்ஸில் தெரியும். அழுக்கு ஏறிய பழைய எலும்பில் இவை எடுப்பாக இருக்கும். யானைத் தந்தத்தின் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள் கூடைப்பின்னல்போல அமைந்திருக்கும். திமிங்கிலப் பல்லில் அவை இல்லை. வால்ரஸ் தந்தத்தின் நடுப்பகுதி மட்டும் சலவைக்கல்போலத் திட்டுத்திட்டாக இருக்கும்.

எலும்பு வேலைகளை இரண்டாந்தரமாக நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. தாடையின் பின்பகுதியிலிருந்து அறுத்தெடுத்த அகலமான தகட்டில் முழு வேட்டைக் காட்சியையே கீறியிருக்கிறார்கள். கயிற்றுப்புரி பிரிக்கும் கூர்முளை, பாய்த்துணியின் தையலைத் தேய்த்து மடிக்கும் கருவி, கைத்தடி, பெண்களின் இறுக்குக் கச்சையில் செருகும் நீளத்தகடு, குடைபோல விரிந்து மடங்கும் நூல் சுற்றி என்று இவர்கள் செய்தவற்றின் பட்டியல் நீளமானது. மாவு விளிம்பை நெளிநெளியாக வெட்டும் சக்கரம் ஒன்று உண்டு. பார்த்த மாத்திரத்தில் நம் வீட்டுச் சோமாசிக் கரண்டிதான் நினைவுக்கு வரும். இதே வேலைதான், அங்கே பழப்பணியாரத்துக்கு. இத்தகைய புழங்குபொருட்களில் சுழலும் ஆணியைச் சுற்றித் தேய்மானம் இருக்கிறதா என்று பாருங்கள். சக்கரத்தின் பல் எல்லாம் கூர்மையாக, ஆணித்துளை புத்தம்புதிதாக, கைப்பிடி மட்டும் பழுப்பாக இருந்தால் சாயம் ஏற்றியிருக்கிறார்கள்.

4. கீறல்: இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்

பொருள் அசல் என்பதாலேயே வேலை பழையது என்று ஆகிவிடாது. கீறாத பழைய பல்லை வாங்கி, போன மாதம் படம் கீறி விற்பதுதான் பிடிக்கக் கடினமான மோசடி. கார்பன் சோதனைகூட இங்கே உதவாது. திமிங்கிலம் எப்போது வாழ்ந்தது என்பதைத்தான் அது சொல்லும்.

மாலுமி வேலை செய்த முறையைத் தெரிந்துகொண்டால் தடயம் தானாகக் கண்ணில் படும். பச்சைப்பல்லின் மேற்பரப்பு வரிவரியாகச் சொரசொரப்பாக இருக்கும். அதைக் கத்தியால் சுரண்டி, சுறாத்தோலாலும் நுரைக்கல்லாலும் தேய்த்து, கடைசியில் சாம்பலும் துணியுமாக மெருகேற்றினார்கள். பாய் தைக்கும் ஊசியாலோ பேனாக்கத்தி முனையாலோ கீறினார்கள். விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துத் தடவித் துடைத்தால் கோட்டுக்குள் மட்டும் கருப்பு தங்கும். சிலர் சிவப்பும் பச்சையும் சேர்த்தார்கள். நன்றாக வரையத் தெரியாதவர்கள் பத்திரிகைப் படத்தைப் பல்லின்மேல் ஒட்டி, கோட்டின்மேல் ஊசியால் குத்திப் புள்ளி பதித்து, காகிதத்தை உரித்துவிட்டுப் புள்ளிகளை இணைத்தார்கள். நாகரிக உடையணிந்த பெண்களின் உருவம் பல பற்களில் இப்படி வந்ததுதான். புள்ளிகள் கோட்டுக்கடியில் இன்றும் தெரியும்.

இனி லென்ஸைப் பல்லில் வையுங்கள். கையால் கீறிய கோடு ஆழம் மாறி மாறி ஓடும். வளைவுகளில் கை தயங்கிய இடம், ஊசி வழுக்கி எல்லை தாண்டிய சிறு வால், ஒரே கோட்டை இரண்டு முறை கீறியதில் பிரிந்த இரட்டைத் தடம் எல்லாம் இருக்கும். மின்சுழல்கருவியால் வெட்டியதில் கோட்டின் அடி உருண்டிருக்கும், ஓரத்தில் சீரான இடைவெளியில் பல்பல்லான அதிர்வுத்தடம் இருக்கும், முனைகள் மொண்ணையாக முடியும். வார்ப்பில் எல்லாக் கோடும் ஒரே ஆழம், ஓரம் கரைந்த சோப்புபோல மழுங்கல்.

தேய்மானமும் பேச வேண்டும். பல்லைக் கையில் எடுத்தால் உள்ளங்கை படுவது குவிந்த பக்கத்தின் வயிற்றில். பல தலைமுறை கைபட்ட பல்லில் அந்த இடத்துக் கோடுகள் மெலிந்து, கரி பாதி போயிருக்கும். உட்குழிந்த பக்கத்திலும் அடியோரத்திலும் கோடு புதிதாக நிற்கும். எல்லா இடத்திலும் ஒரே அளவு மங்கியிருந்தால் அது கைபட்டுத் தேய்ந்ததாக இருக்க வாய்ப்பு குறைவு.

மிக முக்கியமான தடயம் வெடிப்பும் கோடும் சந்திக்கும் இடம். பழைய பல்லில் மயிரிழை வெடிப்புகள் நீளவாட்டில் ஓடும். கப்பலின் பாய்மரத்தையோ கயிற்றையோ அப்படி ஒரு வெடிப்பு குறுக்கே வெட்டும் புள்ளியைத் தேர்ந்தெடுத்து முப்பது மடங்கு லென்ஸில் பாருங்கள். கோடு முதலில் வந்து, பிறகு பல் வெடித்திருந்தால், கோட்டின் இரு துண்டுகளும் வெடிப்பின் இரு கரையிலும் நேருக்கு நேர் நிற்கும். சில சமயம் ஒரு கரை இம்மியளவு விலகியிருக்கும். வெடிப்புக்குள் கரி இருக்காது, பழுப்பு அழுக்குதான் இருக்கும். வெடிப்பு முதலில் வந்து அதன்பின் கீறியிருந்தால், ஊசி வெடிப்பின் ஓரத்தில் தடுக்கி இலேசாகத் திசைமாறியிருக்கும், ஓரம் பொடிந்திருக்கும். தடவிய மை வெடிப்புக்குள் இறங்கி இருபுறமும் மீசைபோலப் படர்ந்திருக்கும். இந்த மீசை ஒரே இடத்தில் இருந்தால் பின்னாளில் யாரோ மங்கிய கோட்டுக்கு மறுபடி மை தடவியதாகவும் இருக்கலாம், அப்படிச் செய்த பழம்பொருட்கள் நிறைய உண்டு. ஐந்தாறு சந்திப்புகளிலும் ஊசி தடுக்கிய தடமும் மீசையும் சேர்ந்தே இருந்தால் பல் பழசு, படம் புதுசு.

5. படத்தைப் படித்தல்

திமிங்கில வேட்டைக் கப்பலின் அமைப்பு தெரிந்தவர் கீறிய படமும் தெரியாதவர் கீறிய படமும் வேறுபடும். வேட்டைப் படகுகள் பெரும்பாலும் கப்பலின் இடப்பக்கம் மூன்றும் வலப்பக்கம் பின்கோடியில் ஒன்றுமாகத் தொங்கும். காரணம், பிடித்த திமிங்கிலத்தை வலப்பக்கத்தில் கட்டித்தான் கொழுப்பை உரிப்பார்கள், அந்தப் பக்கம் இடம் வேண்டும். கொழுப்பு உருக்கும் செங்கல் அடுப்பு முன்பாய்மரத்துக்குப் பின்னால் இருக்கும், புகை அங்கிருந்துதான் கிளம்ப வேண்டும். வேட்டைப் படகு இரு முனையும் கூரானது, ஆறு பேர், ஐந்து துடுப்பு. ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டு. பின்னால் நிற்பவர் நீளமான சுக்கான் துடுப்பைப் பிடித்திருப்பார். ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் மூச்சு ஒரே தாரையாக முன்னோக்கி இடப்புறம் சாய்ந்து வரும்.

மாலுமிகள் ஓவியம் பயின்றவர்கள் இல்லை. அலை கோணலாக இருக்கும், ஆள் கப்பலைவிடப் பெரிதாக நிற்பார், கொடியில் நட்சத்திரக் கணக்கு தப்பும். இவையெல்லாம் மன்னிக்கக்கூடியவை. வருடக்கணக்காகத் தினமும் இழுத்த கயிறு எங்கே கட்டியிருக்கும் என்பதில் மட்டும் அவர்கள் தவற மாட்டார்கள். கயிறு அந்தரத்தில் முடிந்தால், பாய் ஒரு திசையில் புடைத்துக் கொடி எதிர்த்திசையில் பறந்தால், நின்று யோசியுங்கள்.

6. பெயரும் தேதியும்

பழைய பற்களில் பெரும்பான்மை கையொப்பம் இல்லாதவை. பெயர் தெரிந்தவர்கள் சொற்பம். நான்டக்கெட்டின் எட்வர்ட் பர்டெட் முன்னோடிகளில் ஒருவர், 1833-இல் வேட்டைக்கயிற்றில் சிக்கிக் கடலில் இழுபட்டு இறந்தார். ஃபிரெடெரிக் மைரிக் 'சூசன்' என்ற கப்பலில் 1828 இறுதியிலும் 1829-லும் கீறிய முப்பதுக்கும் மேற்பட்ட பற்கள் கிடைத்திருக்கின்றன. 'சூசன் பற்கள்' என்ற அந்தப் பெயரைக் கேட்டாலே ஏலக்கூடம் நிமிர்ந்து உட்காரும். அதனாலேயே பிசினில் அதிகம் வார்க்கப்பட்டவற்றுள் அவையும் உண்டு.

கப்பல் பெயர், கேப்டன் பெயர், தேதி, இடம் எல்லாம் கச்சிதமாக ஒரே பல்லில் அமைந்திருந்தால் சந்தோஷத்தைக் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள். போலி செய்பவர்களுக்குப் பிரபலமான பெயர்கள்தான் வேண்டும்: 1820-இல் திமிங்கிலம் மோதி மூழ்கிய 'எசெக்ஸ்', 1841-இல் நீரில் இறங்கி இன்று மிஸ்டிக் துறைமுக அருங்காட்சியகத்தில் நிற்கும் 'சார்லஸ் டபிள்யூ. மோர்கன்' போல. அமெரிக்க வேட்டைப் பயணங்களின் பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அந்தக் கப்பல் அந்த வருடம் கடலில் இருந்ததா, கேப்டன் யார் என்று பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். நியூ பெட்ஃபோர்டு அருங்காட்சியகத்தோடு 2001-இல் இணைந்த கெண்டால் அருங்காட்சியகம் பிளாஸ்டிக் போலிகளுக்கென்றே சரிபார்ப்புப் பட்டியல் வெளியிட்டிருக்கிறது. உங்கள் பல்லின் வாசகம் அதில் எழுத்துக்கு எழுத்து இருந்தால் வேறு சோதனை தேவைப்படாது.

7. சட்டம்

இந்தியாவில் இருப்பவர்கள் இதை வாங்கவோ விற்கவோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவரவோ முயல வேண்டாம். திமிங்கிலங்கள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. பன்னாட்டு வணிக ஒப்பந்தமான சைட்டீஸின் முதல் பின்னிணைப்பிலும் ஸ்பெர்ம் திமிங்கிலம் இருக்கிறது. அமெரிக்காவில் வாழ்பவர்கள் நூறு வருடத்துக்கு மேற்பட்ட பழம்பொருளுக்கான விலக்கில் வாங்கலாம். ஆனால் வயதை நிரூபிப்பது உரியவரின் பொறுப்பு, 1973 டிசம்பர் 28-க்குப் பிறகு பாதுகாக்கப்பட்ட விலங்கின் பாகத்தால் பழுது பார்த்திருக்கவும் கூடாது. கலிபோர்னியா, நியூ ஜெர்சி போன்ற மாநிலங்களின் விதி இன்னும் கடுமையானது. பிரிட்டனில் 2025 ஜனவரியிலிருந்து தந்த விற்பனைத் தடை ஸ்பெர்ம் திமிங்கிலப் பல்லுக்கும் பொருந்துகிறது. விற்பனையாளர் "பழசு, ஒன்றும் ஆகாது" என்று வாயால் சொன்னால் போதாது, ரசீதில் பொருள், அளவு, காலம், விலங்கின் பெயர் எழுதி வாங்குங்கள்.

8. வீட்டில் வைத்துக் காப்பது

ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம், அறை வெப்பம் 18 முதல் 22 டிகிரி. இந்த எண்ணைவிட ஏற்றஇறக்கம் இல்லாமல் இருப்பதுதான் முக்கியம். ஏ.சி. காற்று நேரே படும் அலமாரி, குளிர்நாட்டில் ஹீட்டர் மேலுள்ள மாடம், விளக்கு எரியும் கண்ணாடிப்பெட்டி மூன்றும் பல்லைப் பிளந்துவிடும். பல்லின் வெளியடுக்கும் உள்ளடுக்கும் ஒரே வேகத்தில் சுருங்குவதில்லை, அதனால்தான் திடீர் உலர்ச்சி நீளவாட்டில் வெடிப்பாகிறது.

எண்ணெய் தடவ வேண்டாம். தேங்காயெண்ணெயும் பாதாம் எண்ணெயும் முதல் நாள் பளபளப்பாகத் தெரியும், பிறகு மஞ்சளாகி, தூசியைப் பிடித்து, எலும்பின் நுண்துளைக்குள் கறையாகத் தங்கும். ரப்பர் பேண்ட், ரப்பர் அடிதாங்கி எதையும் அருகில் வைக்காதீர்கள், அதிலுள்ள கந்தகம் கறை பிடிக்கும். தூசியை மென்மையான உலர்ந்த தூரிகையால் தட்டினால் போதும். பிடிவாதமான அழுக்கு கீறல் இல்லாத இடத்தில் இருந்தால் மட்டும், காய்ச்சி வடித்த நீரில் பஞ்சை நனைத்துப் பிழிந்து ஒற்றியெடுத்து உடனே உலர்த்துங்கள். மையிட்ட கோட்டின்மேல் ஈரம் படக் கூடாது. விளக்குக்கரி கோட்டுக்குள் ஒட்டிக்கொண்டிருப்பதே எண்ணெயின் பிடிப்பில்தான், ஒரு துடைப்பில் இருநூறு வருடக் கப்பல் மறைந்துவிடும்.

வெடிப்பை மெழுகோ பசையோ வைத்து அடைக்காமல், அதன் நீளத்தை அளந்து எழுதி, பக்கவாட்டில் வெளிச்சம் விழச் செய்து அளவுகோலுடன் வருடத்துக்கு ஒரு படம் எடுத்து வையுங்கள். இரண்டு வருடப் படங்களில் வெடிப்பின் முனை நகர்ந்திருந்தால் பல்லைத் தொடாமல் அலமாரியின் இடத்தை மாற்றுங்கள்.